நாற்பது மணி நேரத்தில் பத்தமடைப் பாய் வருமா?

திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் நெய்யும் பட்டுப்பாயைத் துணிபோல மடித்துவிடலாம். புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பாயின் பாதி வேலை தறிக்கு வெளியே நடக்கிறது. கோரைப் புல்லைப் பச்சையாகவே கீறி, உள்ளிருக்கும் சோற்றை எடுத்துக் காயவைக்க வேண்டும். பிறகு ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, உலர்த்தி, நூல் பருமனுக்குக் கிழிக்க வேண்டும். அதன்பிறகுதான் பருத்திப் பாவில் ஊடாக ஓட்டுவார்கள். உயர்ந்த ரகப் பாய்க்கு வாரக்கணக்கில் ஆகும்.

2023 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் பாய் முடைதலும் உண்டு. அதன் அடிப்படைப் பயிற்சி 40 மணி நேரம். நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவி வாங்க 15,000 ரூபாய் வரை. தமிழ்நாடு அதை ஏற்காமல், 2025இல் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. எந்தத் திட்டத்தில் வந்தாலும் கைவினைஞர்களுக்கு உதவிப் பணம் அவசியம். அதில் எனக்கு மறுபேச்சில்லை.

என் வருத்தம் பயிற்சியை அளக்கும் விதத்தில்தான். 40 மணி நேரப் பயிற்சி என்றால், அது முடியும்போது கோரை இன்னும் தண்ணீரில்தான் கிடக்கும். இதைக் கற்க வருபவர்கள் பள்ளிப் பிள்ளைகள் அல்லர். சமைத்துவைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, வீட்டுப் பெரியவர்களைக் கவனித்துவிட்டு வரும் பெண்கள். பத்து மணிக்கு விரல்ரேகை விழாவிட்டால் வராதவர் கணக்கு. கத்தியும் கோரையும் உரசித் தேய்ந்த விரல்களை இயந்திரம் படிக்க மறுப்பதும் உண்டு. யாருடைய கை அதிகம் உழைத்ததோ அவருக்கே இந்தத் தொல்லை. ஆய்வுக்கு வருபவர் கேட்பது வருகைப் பதிவேடு, புகைப்படம், பயன்பாட்டுச் சான்றிதழ். கற்றவர் கீறிய கோரையை எடுத்து ஒளியில் பிடித்துப் பார்க்கும்படி எந்தப் படிவமும் கேட்பதில்லை.

பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும்தான். ஆனால் சொல்லித்தரும் அக்காவின் நேரத்தைப் படிவங்கள் தின்றால், பக்கத்தில் உட்கார்ந்து கைபிடித்துக் காட்ட அவருக்கு நேரம் ஏது?

பயிற்சியைப் பல மாதங்களுக்குப் பரப்புங்கள். ஊறவைக்கும் நாளையும் வகுப்பாகக் கணக்கில் எடுங்கள். எழுத்து வேலைக்குத் தனி ஆள் கொடுங்கள். ஆய்வுக் குழுவில் பாய் நெய்து பழகிய ஒரு பெண்ணையாவது உட்கார வையுங்கள். பதிவேட்டைத் திறக்குமுன் பாயை அவர் கையில் கொடுங்கள்.