அமெரிக்க வைரம்

தோடு, மூக்குத்தி, அட்டிகை முதலியவற்றில் பதிக்கப்படும் ஒருவகை வெண்கல்லைக் கடைக்காரர் 'அமெரிக்கன் டைமண்ட்' என்பர். அது வைரமும் அன்று. அதனை நகைக்கல்லாக விளைவிக்கும் முறை செம்மையுற்ற இடம் அமெரிக்காவும் அன்று. வைரம் முழுவதும் கார்பனால் ஆனது. இக்கல்லோ சிர்கோனியம் என்னும் உலோகமும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம். அதன் பெயர் சிர்கோனியா.

இயற்கையிலும் சிர்கோனியா உண்டு. 1892ஆம் ஆண்டு இலங்கையில் இறக்குவானை என்னும் ஊரில் அது ஒரு கனிமமாகக் கண்டறியப்பட்டது. பேடலியைட்டு எனப் பெயர் பெற்றது. ஆனால் அக்கனிமம் பெரும்பாலும் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். பொருள் ஒன்றாயினும் அணுக்கள் அடுக்கப்பட்ட முறை வேறு. நகைக்கல்லுக்குரிய கனசதுர அடுக்கு இயற்கையில் மிக அரிது. 1937இல் ஜெர்மானிய அறிஞர் இருவர், சிர்க்கான் என்னும் கல்லை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தபோது அதனுள் அத்தகைய நுண்மணிகள் இருப்பதை அறிந்தனர். கண்ணுக்குப் புலப்படாத அவற்றுக்குத் தனிப்பெயர் இடவும் அவர்கள் முற்படவில்லை!

பெரிய படிகம் வேண்டுமெனில் சிர்கோனியாவை உருக்கி ஆறவைக்க வேண்டும். அங்குதான் தடை. நம் தங்கவயலில் 2001 வரை வெட்டியெடுக்கப்பட்ட பொன் 1,064 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் உருகும். பொற்கொல்லர் அதனை மூசையில் இட்டு உருக்கிவிடுவார். சிர்கோனியா உருக ஏறத்தாழ 2,700 பாகை வேண்டும். வழக்கமான மூசைகள் அவ்வெப்பத்தைத் தாங்கா. 1970களில் மாஸ்கோவின் லெபெதேவ் இயற்பியல் நிறுவனத்தார் இதற்கொரு வழியைச் செம்மைப்படுத்தினர். செப்புக் குழாய்களால் ஆன கூட்டில் சிர்கோனியாப் பொடியை இடுவர். குழாய்களுக்குள் குளிர்நீர் ஓடும். உயர் அதிர்வெண் மின்காந்த ஆற்றலால் நடுவிலுள்ள பொடி உருகும். குழாயை ஒட்டிய பொடியோ உருகாமல் ஓடு போல் நிற்கும். பொடியே பொடிக்கு மூசை! ஆறும்போது அணுவடுக்கு மாறாதிருக்கச் சிறிதளவு யிட்ரியம் ஆக்சைடோ கால்சியம் ஆக்சைடோ சேர்ப்பர்.

செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் தொழிலால் திருச்சிராப்பள்ளியும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் பெயர் பெற்றன. பின்னர், இயந்திரத்தால் பட்டை தீட்டிய வெளிநாட்டுக் கற்கள் மலிவாக வந்திறங்கவே, அத்தொழில் நலிந்தது.

இதனைப் 'போலிக்கல்' என்று இகழ்வோர் உளர். வைரம் என்று சொல்லி விற்றால் அது போலிதான். சிர்கோனியா என்று சொல்லி விற்றால் மெய்யான சிர்கோனியாவே. இரண்டையும் வேறுபடுத்தி அறிவதும் அரிதன்று. ஒரே பருமனுள்ள வைரத்தைவிடச் சிர்கோனியா ஒன்றரை மடங்குக்கு மேல் எடை மிக்கது. வானவில் நிறங்களையும் அது வைரத்தைவிட மிகுதியாகச் சிதறச் செய்யும். வைரத்தின் கடினம் அதற்கு இல்லை. ஆதலால் நாள்பட்ட தோட்டின் கல்லை உருப்பெருக்கியால் நோக்கினால், பட்டைகளின் விளிம்புகள் தேய்ந்திருப்பதைக் காணலாம்.