ஏஜெண்டு வேண்டாத உபகாரச் சம்பளம்

1896-ல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்த ஒரு பொற்கொல்லரின் மகன் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். பின்னாளில் மஞ்சூரியாவின் கொள்ளைநோயை அடக்கிய டாக்டர் வூ லியன் தே அவர்தான். தேர்வெழுதி வென்ற குயின்ஸ் உபகாரச் சம்பளம் அவரைப் படிக்க வைத்தது. அது அரசாங்கப் பணம்.

இன்று ஜார்ஜ் டவுனில் ஒரு பிள்ளை ஐரோப்பாவில் படிக்கப் போகிறேன் என்றால் அப்பா முதலில் திறப்பது ஊழியர் சேமநிதிக் கணக்கை. பிள்ளையின் படிப்புக்கு அதிலிருந்து எடுக்க அனுமதி உண்டு, தவறில்லை. ஆனால் அதில் ஒரு பங்கு, ‘ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன்’ என்பவரின் பைக்குள் போவதுதான் வயிற்றெரிச்சல். அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். உள்நாட்டுப் படிப்புக்குத்தான். அதைத் தாண்டினால் பொதுப்பணமே கிடையாது என்று பலர் நம்பிவிடுகிறார்கள்.

இருக்கிறது. 1987-ல் ஐரோப்பிய மாணவர்கள் வேறோர் ஐரோப்பிய நாட்டில் சில மாதம் படித்துத் திரும்புவதற்காகத் தொடங்கியது எராஸ்மஸ் திட்டம். 2021 முதல் 2027 வரை அதன் ஒதுக்கீடு சுமார் 2,600 கோடி யூரோ. அதன் ஒரு கிளையான எராஸ்மஸ் முண்டுஸ் முதுகலைப் படிப்புக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். இளங்கலைப் பட்டம் வேண்டும், குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும். உபகாரச் சம்பளத்துக்குத் தேர்வானால் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். மொத்த உபகாரச் சம்பளங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் ஒரே நாட்டவருக்குக் கொடுக்கக் கூடாதென்று ஒரு விதி உண்டு. பெருங்கூட்டமாக விண்ணப்பிக்கும் நாடுகளுக்கு அது முட்டுக்கட்டை. நம்மைப் போன்ற சிறிய நாட்டுக்கு அதுவே வசதி என்பேன்.

விண்ணப்பம் நேராக அந்தப் படிப்பை நடத்தும் பல்கலைக்கழகக் கூட்டமைப்புக்குப் போகிறது. பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள். நடுவில் ஏஜெண்டுக்கு வேலையே இல்லை.

வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘இடம் கிடைத்தது’ என்ற கடிதமும் ‘உபகாரச் சம்பளம் கிடைத்தது’ என்ற கடிதமும் வேறு வேறு. சொந்தச் செலவில் படிக்கவும் இடம் தருவார்கள். அப்போது கட்டணம் ஆயிரக்கணக்கான யூரோ. முதல் கடிதத்தைக் காட்டி வாழ்த்துச் சொல்லி முன்பணம் கேட்பவர்களிடம் இரண்டாவதைக் கேளுங்கள். இன்னொன்று: விசா, விமானச் செலவுக்குத் தனியாகப் பணம் வராது. எல்லாம் அந்த 1,400-க்குள் அடக்கம். அதுவும் படிப்பில் சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும். ஆகவே டிக்கெட்டுக்கும் முதல் மாத வாடகைக்கும் வீட்டில் பணம் இருக்க வேண்டும்.

இங்கேயே பட்டப்படிப்பில் இருப்பவர்களுக்கு வேறு வழி. உங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தோடு எராஸ்மஸ் ஒப்பந்தம் இருந்தால், அங்கே சில மாதம் படித்து வரலாம். குளுகோரிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக (யு.எஸ்.எம்.) மாணவர் என்றால் அனைத்துலக அலுவலகத்தில் விசாரியுங்கள். ஐரோப்பியப் பல்கலைக்கழகம் கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், ஆய்வுக்கூடக் கட்டணம் கேட்கக் கூடாது. தேர்ச்சி பெற்ற பாடங்களை இங்கே முழுமையாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்த உரிமை உயிரோடிருப்பது ஒரு தாளில்: மாணவர், இரு பல்கலைக்கழகங்கள் என மூன்று தரப்பும் கையெழுத்திடும் படிப்பு ஒப்பந்தம். அது இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். அங்கே போய்ப் பாடம் மாற்றினால் திருத்தத்துக்கும் மூன்று கையெழுத்து வேண்டும்.

பாயான் லெப்பாஸில் போஷ், பி.பிரவுன் ஆலைகளைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு ஜெர்மனி தூரதேசமல்ல. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குக் கல்விக் கட்டணமில்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. ஆனால் விசாவுக்கு ஓராண்டுச் செலவைக் காட்ட வேண்டும்: 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. அது மாணவரின் பெயரிலுள்ள முடக்கக் கணக்கில் கிடந்து, மாதம் 992 யூரோவாக அவருக்கே திரும்பும். ‘எங்கள் கணக்கில் போடுங்கள், நாங்கள் காட்டிக்கொள்கிறோம்’ என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

பட்டத்தின் மதிப்பையும் புறப்படும் முன்பே பாருங்கள். அரசு வேலை எண்ணம் இருந்தால் பொதுச் சேவைத் துறையிடமும் மலேசியத் தகுதி முகமையிடமும், மருத்துவம் என்றால் மலேசிய மருத்துவ மன்றத்திடமும் எழுத்தில் கேளுங்கள். ஏஜெண்டின் வாய்வார்த்தை சான்றிதழாகாது.

பணம் போய்விட்டதா? இணையம் வழி ஏமாற்றப்பட்டிருந்தால் வெட்கத்தைத் தள்ளிவைத்து உடனே மோசடிப் புகார் எண்ணான 997-ஐ அழையுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டிருக்கும். பிறகு போலீஸ் புகார். உள்ளூர் நிறுவனம் என்றால் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, 1969 முதல் இயங்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடம் ஆலோசனை கேளுங்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்றாண்டுக்குள். அங்கே வழக்கறிஞர் வைத்து வாதாட அனுமதியில்லை, எதிர்த்தரப்புக்கும் அப்படித்தான். மனுக் கட்டணம் 5 ரிங்கிட்.