முருகைக்கல்லும் சுண்ணாம்பும்



கட்டடக் கலை என்றவுடன் தொலைநாட்டு மாளிகைகளையே நினைக்கின்றோம். நமது கரையோரத்தில் நிற்கும் கற்பிட்டிக் கோட்டையை இன்று சற்று உற்று நோக்குவோமாக.

புத்தளம் களப்பின் வாயிலைக் காத்து நிற்கும் இக்கோட்டையை ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டினர். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் இந்தியாவுடன் நடத்திய வாணிகத்தைத் தம் கைக்குள் அடக்குவதே அவர்தம் நோக்கம். ஏறக்குறையச் சதுர வடிவம். உள்ளே தளபதியின் இல்லம், படைவீரர் விடுதி, பண்டசாலை, சிறை. 1795இல் ஆங்கிலேயர் வசமான இக்கோட்டை, இன்று கடற்படையினரின் பொறுப்பில் உள்ளது.

மணற்பாங்கான இக்குடாநாட்டில் கருங்கல் ஏது? வாயிலுக்கு மட்டும் மஞ்சள் நிறச் செங்கல்லை வைத்தவர்கள், மதிலை முருகைக்கல்லாலும் சுண்ணக்கல்லாலும் எழுப்பினர். முருகைக்கல் கடலின் சிற்றுயிர்கள் கட்டிய கூடு; நுண்துளைகள் நிறைந்தது; எளிதில் வெட்டத்தக்கது. அதனையே சூளையிலிட்டுச் சுட்டு நீற்றினால் சுண்ணாம்பு கிடைக்கும். மணலோடு குழைத்த அச்சாந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாக இறுகும். கல்லும் சாந்தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

இவ்வுறவை மறந்து யானும் ஒரு பிழை செய்தேன். எங்கள் பழைய வீட்டின் முருகைக்கற் சுவருக்கு, உறுதி வேண்டிச் சீமெந்து பூசுவித்தேன். சில மாரிகள் கழிந்ததும் பூச்சு, கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. காரணம் யாது? நிலத்திலிருந்து ஏறும் உவர்நீரைச் சுண்ணச்சாந்து ஆவியாக வெளியே விடும், சீமெந்தோ அடைத்துவிடும். உள்ளே தேங்கும் உப்பு படிகமாகிக் கல்லைப் பிளக்கும்.

பெயர்ந்த கல்லுக்கு மாற்றுக் கல்லும் இல்லை. கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வதை 1988ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தடை செய்தது. கற்பிட்டிக்கு அப்பாலுள்ள முருகைக்கற்பார் 1992இல் சரணாலயமாயிற்று. மீன்கள் வாழவும் அலைகளின் வேகம் தணியவும் அது கடலிலேயே இருத்தல் வேண்டும், தடை நியாயமானதே.

ஆகவே, சுவரில் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு கல்லும் கிடைத்தற்கரியது. கோட்டைக்கு மட்டுமன்று, நம் ஊர்களிலுள்ள பழைய வீடு, பள்ளிவாசல், தேவாலயம், கோயில் யாவற்றுக்கும் இது பொருந்தும். பழைய சுவரைத் திருத்த எண்ணுவோர், சீமெந்து மூட்டையை அவிழ்க்குமுன், சுண்ணச்சாந்து குழைக்கத் தெரிந்த முதிய கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடிப்பாராக. அவருடைய கைப்பழக்கத்தை ஓர் இளைஞனாவது கற்றுக்கொள்வானாயின், அச்சுவர் இன்னும் பல தலைமுறை காணும்.