வண்டிக்குள்ளே "சிக்... சிக்..." சத்தம்!

"கோலம், குழம்பு, குழந்தை வளர்ப்பு என்று வருகிற பக்கத்தில் பிக்கப் வண்டியின் இன்ஜினுக்கு என்ன வேலை?" என்று மூக்கின் மேல் விரலை வைக்காதீர்கள், சகோதரிகளே! எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த இன்ஜின் ஓடுவதால்தான். அது மட்டுமில்லை. அந்த இன்ஜினில் வந்த ஒரு சின்னச் சத்தத்துக்கும் என் ஐந்து வயதுப் பெண்ணின் உடம்புக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கு எனக்குக் கை கால் வெலவெலத்துப் போய்விட்டது. உங்களில் யாருக்காவது உபயோகப்படுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம். என் வீட்டுக்காரர் பழைய டீசல் பிக்கப் ஒன்றைச் சொந்தமாக ஓட்டுகிறார். தோட்டங்களிலிருந்து தக்காளிப் பெட்டி, முருங்கைக்காய்க் கட்டு, கத்தரிக்காய் மூட்டை எல்லாம் ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இறக்குவார். கேரளாவுக்குக் காய்கறி போகிற பெரிய மார்க்கெட் ஆயிற்றே, லோடுக்குக் குறைவில்லை. ஆனால் வண்டி இரண்டு நாள் நின்றால் மளிகைக் கடையில் தலை குனிந்து நிற்க வேண்டும்.

விடியற்காலையில் மட்டும்

2017 மார்கழி மாதம். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். இவர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். வழக்கமான உறுமலோடு "சிக்... சிக்... சிக்..." என்று புதிதாக ஒரு சத்தம், தையல் மெஷின் ஓடுகிற மாதிரி.

"என்னங்க, வண்டியிலே ஏதோ சத்தம் வருதே?"

"பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும். நீ கோலத்தைப் பாரு."

நாலு நாளில் அவர் காதுக்கே உறுத்த ஆரம்பித்துவிட்டது. மெக்கானிக்கிடம் கொண்டு போனார். ஐந்து கிலோ மீட்டர் ஓடி வண்டி அங்கே போய்ச் சேருவதற்குள் சத்தம் நின்றுவிட்டது! "டேப்பெட் லூசா இருக்கும்" என்று டைட் வைத்துக் கொடுத்தார்கள். மறுநாள் விடிந்தால் மறுபடியும் "சிக்... சிக்..." செல்போனில் சத்தத்தைப் பதிவு செய்து இன்னொரு பட்டறையில் போட்டுக் காட்டினார். அவர் கேட்டுவிட்டு, "பேரிங் போயிருக்கும். இன்ஜினை இறக்கித்தான் பார்க்கணும். 40,000 ரூபாய் ஆகும்" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு இவர் சரியாகச் சாப்பிடவில்லை. பொங்கல் வரப் போகிறது. கரும்பும் மஞ்சள் கொத்தும் ஏற்றுகிற நேரத்தில் இன்ஜினை இறக்கிப் போட்டால் சீசனே போய்விடும். "வளையலை வச்சுக்கலாங்க" என்று நானே சொன்னேன். வேறு வழி?

ஒரே நோட்டில் இரண்டு வியாதி

இதற்கு நடுவில் இன்னொரு கவலை. என் அம்மா வீடு பாச்சலூர் பக்கம், மலை மேலே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்ததால் வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலையிலேயே வண்டியில் புறப்பட்டுவிடுவோம். பாதி மலை ஏறுவதற்குள் குழந்தை "தலை வலிக்குதும்மா" என்று மடியில் சாய்ந்துகொள்வாள். பிறகு வாந்தி. எனக்கும் நெற்றிப்பொட்டு தெறிக்கும். "மலைப்பாதை ஒத்துக்கலை, எலுமிச்சம்பழத்தை மோந்து பாருங்க" என்றார் அத்தை. எலுமிச்சம்பழம்தான் தீர்ந்தது, தலைவலி தீரவில்லை.

குழந்தையை டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் மருந்து எழுதுவதற்கு முன், "எப்போ வருது, எவ்வளவு நேரம் இருக்குது, எதனாலே குறையுது, இதையெல்லாம் பத்து நாளைக்கு ஒரு நோட்டிலே எழுதிட்டு வாங்க" என்றார். எழுதினேன். எழுதுகிறபோது, "வண்டிக்கும் இப்படி எழுதினா என்ன?" என்று தோன்றியது. அதே நோட்டில் எதிர்ப்பக்கத்தில் வண்டியின் "வியாதி"யையும் குறித்து வந்தேன்.

வண்டிப் பக்கம்: காலையில் குளிர்ந்த இன்ஜினில் சத்தம் அதிகம். பத்து நிமிஷத்தில் குறையும். சமதளத்தில் சூடான பிறகு இல்லை. மலை ஏறும்போது, இன்ஜின் சூடாக இருந்தாலும், மறுபடியும் வரும். இறங்கும்போது இல்லவே இல்லை.

குழந்தைப் பக்கம்: மலை ஏறும்போது தலைவலி, வாந்தி. குளிருக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்ட நாட்களில் அதிகம். மத்தியானம் கண்ணாடியை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது ஒன்றும் இல்லை.

இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. ஏறும்போது இருக்கிற அதே வளைவுகள்தானே இறங்கும்போதும் இருக்கின்றன? மலைப்பாதைதான் காரணம் என்றால் இறங்கும்போதும் வாந்தி வர வேண்டாமா?

குக்கர் சொன்ன பதில்

அன்று இரவு குக்கரில் பருப்பு வைத்தேன். கேஸ்கட் பழசு. முதலில் மூடியின் ஓரத்தில் "புஸ்... புஸ்..." என்று ஆவி கசிந்தது. சூடு ஏற ஏற ரப்பர் இறுகிப் பிடித்துக்கொண்டது, சத்தம் நின்றது. அடுப்பைப் பெரிதாக எரியவிட்டால் மறுபடியும் ஓரத்தில் சீறல்!

நான் கரண்டியோடு வாசலுக்கே ஓடினேன். "ஏங்க, இது பேரிங் இல்லீங்க. எங்கேயோ ஒழுகுது. குளிர்ந்திருந்தா ஒழுகுது, சூடானா அடைச்சுக்குது, அழுத்தம் கொடுத்தா மறுபடி ஒழுகுது. குக்கர் மாதிரி!"

இவர் சிரிக்கவில்லை. நோட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு, பஸ் டிப்போவில் வேலை பார்த்து ரிட்டையரான ஒரு பெரியவரிடம் போனோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "இது யாரு எழுதினது? நீயா தங்கச்சி? பாதி வேலை முடிஞ்சுது. ராத்திரி வண்டி இங்கேயே நிக்கட்டும். காலையிலே நீங்க வர்றதுக்கு முன்னாடி யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது" என்றார். குளிர்ந்தால் மட்டும் வருகிற சத்தத்தைக் குளிர்ந்த இன்ஜினில்தானே கேட்க முடியும்? இவ்வளவு சின்ன விஷயம் அதுவரை யாருக்கும் தோன்றவில்லை!

இன்ஜினுக்கு ஸ்டெதஸ்கோப்

மறுநாள் காலை. பெரியவர் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதோரம் வைத்து, நுனியை இன்ஜினின் மேல் மூடியில் வைத்துக் கேட்டார். பிறகு கீழே எண்ணெய்த் தொட்டியில். "டேப்பெட் இல்லை, பேரிங்கும் இல்லை. அதுவா இருந்தா இங்கே 'டொக் டொக்'குனு கனமா இடிக்கும்" என்றார். 1816-ல் லென்னெக் என்ற பிரெஞ்சு டாக்டர் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்துதான் ஸ்டெதஸ்கோப் பிறந்தது. இதுவும் அதே தந்திரம்தான்.

அடுத்து ஒரு முழ ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை இன்ஜினைச் சுற்றி மெல்ல நகர்த்தினார். புகைக்குழாய் இன்ஜினோடு சேருகிற இடத்துக்கு வந்ததும் நின்றார். என்னிடம் குழாயைக் கொடுத்தார். காதுக்குள் "சிக்! சிக்! சிக்!"

உறுதி செய்ய இன்னொன்றும் செய்தார். நனைத்து மடித்த சாக்கை இரண்டு விநாடி சைலன்சர் வாயில் அழுத்தச் சொன்னார். வெளியே போக வழி இல்லாத புகை ஓட்டை வழியாகப் பாய்ந்தது. சத்தம் இரண்டு மடங்காயிற்று!

டார்ச் அடித்துக் காட்டினார். இன்ஜினிலிருந்து புகையை வாங்கிக்கொள்கிற வார்ப்பிரும்புக் குழாய்க்கு மேனிஃபோல்டு என்று பெயர். கடைசி சிலிண்டர் பக்கத்தில் அதைப் பிடித்திருந்த ஸ்டட் முறிந்து போயிருந்தது. அந்த இடத்தில் மட்டும் மை தீட்டினாற்போல் கரி. தினமும் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கினால் இரும்பும் களைத்துப் போகும். ஓரத்தில் இருக்கிற ஸ்டட்டுகள்தான் பெரும்பாலும் முதலில் முறியுமாம்.

புகை எப்படி உள்ளே வந்தது? இன்ஜினுக்கும் நாங்கள் உட்காருகிற கேபினுக்கும் நடுவில் இருக்கிற தகட்டில், கேபிள் போகிற துளையில் ரப்பர் காய்ந்து உதிர்ந்திருந்தது. சமையல் புகைபோக்கி அடுப்படிக்குள்ளேயே உடைந்த கதைதான்!

மேனிஃபோல்டைக் கழற்றி, லேத் பட்டறையில் முகத்தைச் சமன் செய்து, முறிந்த ஸ்டட்டைத் துளைத்து எடுத்து, புது ஸ்டட், புது கேஸ்கட் போட்டு, துளைக்கும் ரப்பர் வைத்தார்கள். ஒன்றரை நாள் வேலை. 3,200 ரூபாய். வளையல் என் கையிலேயே இருக்கிறது!

குழந்தையின் தலைவலி?

டாக்டரம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். "நல்ல வேளை, வண்டியைக் கவனிச்சீங்க" என்று சொல்லி விளக்கினார். வண்டிப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டு. நிறம் இல்லை, மணமும் இல்லை. நம் ரத்தத்தில் பிராண வாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு, பிராண வாயுவைவிட 200 மடங்குக்கு மேல் பிடிப்பாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, மயக்கம், குமட்டல். அதிகமானால் உயிருக்கே ஆபத்து. பெட்ரோலைவிட டீசல் புகையில் இது குறைவு. ஆனால் டீசல் புகையில் நுண்ணிய கரியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் உண்டு. கண், தொண்டை, நுரையீரல் மூன்றையும் உறுத்தும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் அறிவித்தது. உடல் எடையைப் பார்த்தால் குழந்தைகள் நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள். அதனால் பாதிப்பு அவர்களுக்கே முதலில்.

ரிப்பேருக்குப் பிறகு மலைக்குப் போனோம். கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் போனோம். குழந்தை வழி நெடுகக் குரங்குகளை எண்ணிக்கொண்டே வந்தாள்!

நீங்களும் கவனியுங்கள்

● வண்டியில் ஏறினால் தலைவலி, இறங்கினால் சரியாகிறது என்றால், அதுவும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் வந்தால், புகைக் கசிவைச் சந்தேகியுங்கள். உடனே கண்ணாடியை இறக்கி, வண்டியை நிறுத்தி, காற்றாட வெளியே வாருங்கள். கண்ணாடியை இறக்குவது முதலுதவி மட்டுமே, ரிப்பேர் ஆகாது.

● மூடிய ஷெட்டில் வண்டியை ஸ்டார்ட் செய்து சூடேற்றாதீர்கள். பெட்ரோல் கார், ஸ்கூட்டர் எதுவானாலும் சரி.

● சத்தம் எப்போது வருகிறது என்று எழுதுங்கள். குளிர்ந்தபோதா, சூடானபோதா? ஏற்றத்திலா, இறக்கத்திலா? மழை நாளில் மட்டும் "கீச்" என்றால் பெரும்பாலும் ஃபேன் பெல்ட்.

● கனமான "டொக் டொக்" சத்தமும், எண்ணெய் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஒரு அடிகூட ஓட்டாதீர்கள். அப்போது பேரிங் பயம் நிஜம்.

● "இன்ஜினை இறக்கணும்" என்றால், சத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்டிய பிறகு சம்மதியுங்கள்.

● ஓடுகிற இன்ஜினுக்குப் பக்கத்தில் முந்தானை, தலைமுடி, குழந்தை மூன்றும் வேண்டாம். சோதனையை மெக்கானிக்கே செய்யட்டும்.

வண்டியைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நானும்தான் நினைத்திருந்தேன். ஆனால் பால் பொங்குகிற சத்தத்தையும், குழந்தை மூச்சு விடுகிற சத்தத்தையும் தூக்கத்தில்கூடக் கண்டுபிடிக்கிற காது நம்முடையது அல்லவா? அந்த நோட்டு இன்னும் என் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் இவரே கேட்கிறார்:

"ஏம்மா, சத்தம் சரியா இருக்கா?"