நாலு மாதம் வகுப்பு, நாலு மாதம் வேலை

கோ-ஒப் முறையில் பொறியியல் படிப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் சபைப் பெற்றோரில் பலர் முதலில் கேட்பது இதைத்தான்: “மற்றப் பிள்ளையள் நாலு வருசத்தில முடிக்கேக்க இவன் மட்டும் ஏன் அஞ்சு வருசம் இழுபடவேணும்?” நியாயமான கேள்வி. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் முடிய 4 வருடமும் 8 மாதமும் ஆகும். படிப்பும் வேலையும் நாலு நாலு மாதத் தவணைகளாக மாறி மாறி வரும். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் வேலை அனுபவத்தைத் தெரிந்தெடுப்பவர்கள் 12 முதல் 16 மாதம் வரை தொடர்ந்து ஒரே இடத்துக்குப் போகலாம். அங்கேயும் பட்டம் பிந்தும்தான்.

இந்த முறை 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் ஹேர்மன் ஷ்னைடர் என்பவரால் 27 மாணவரோடு தொடங்கப்பட்டது. வாட்டர்லூவுக்கு 1957இல் வந்தது. முதல் வகுப்பில் 74 பேர். அதற்கு முந்திய வருடம் இந்தத் திட்டத்தை ஊரறியப் பேசி முன்வைத்த ஐரா நீடில்ஸ் ஒரு ரயர் கம்பனியின் தலைவர். பொறியியலாளர் போதாது என்று கவலைப்பட்டவர்களில் வேலை கொடுப்பவர்களும் இருந்தார்கள். ஆகவே கம்பனிகள் மாணவரை எடுப்பது தர்மத்துக்கல்ல.

அவர்களுக்கு என்ன லாபம்? நேர்முகத்தேர்வில் ஒருவரை ஒரு மணித்தியாலம் பார்க்கலாம். கோ-ஒப்பில் நாலு மாதம் பார்க்கலாம்: நேரத்துக்கு வருகிறாரா, தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறாரா, சொன்ன பிழையைத் திருத்துகிறாரா. பிடித்தால் பட்டம் முடிந்ததும் கூப்பிடுவார்கள். அப்படி வருபவருக்கு ஒபிஸைச் சுற்றிக்காட்டத் தேவையில்லை. பிடிக்காவிட்டால் தவணை முடிய மனக்கசப்பில்லாமல் பிரியலாம். அதோடு ஒன்ராறியோ மாகாணம், தகுதியான ஒவ்வொரு வேலைத் தவணைக்கும் 3,000 டொலர் வரை கம்பனிக்கு வரிச்சலுகை கொடுக்கிறது. சிறிய கம்பனிகளுக்கு வீதம் கொஞ்சம் கூட. ஒன்றையும் மறைக்கக்கூடாது: முதல் மாதம் பெரும்பாலும் கம்பனிக்கு நட்டம்தான். ஒரு மூத்த பொறியியலாளரின் நேரம் சொல்லிக்கொடுப்பதிலேயே போய்விடும். மூன்றாம் மாதத்தில்தான் அது திரும்பி வரத் தொடங்கும்.

மாணவருக்குக் கிடைப்பதில் சம்பளத்தை முதலில் சொல்லுவார்கள். நான் அதை இரண்டாவதாக வைப்பேன். கட்டடப் பொறியியல் படிக்கும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். கொங்கிறீற்றின் பலத்தைக் கணக்கிடும் சூத்திரம் வகுப்பில் வரும். வேலைத்தலத்திலோ, லொறியில் வந்த கலவையில் தண்ணீர் கூடிவிட்டதா என்று கூம்பு வைத்துப் பார்க்கவேண்டும். சரியில்லையென்றால் லொறியைத் திருப்பி அனுப்பவேண்டும், தகப்பன் வயதுடைய சாரதி முறைத்துப் பார்த்தாலும். எடுத்த மாதிரி உருளைகளை 7ஆம் நாளும் 28ஆம் நாளும் உடைத்துப் பார்ப்பார்கள். நாலு மாதத்துக்குள் தன் கண்முன் ஊற்றியது தாங்கியதா என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். பரீட்சைப் புள்ளி இதைச் சொல்லாது.

இன்னொரு நன்மை பெற்றோருக்குப் பிடிக்காமல் போகலாம். “இந்த வேலை எனக்குச் சரிவராது” என்று இரண்டாம் வருடத்திலேயே ஒரு பிள்ளை கண்டுகொள்ளலாம். தொழிற்சாலை இரைச்சல் ஒத்துவராமல், அடுத்த தவணையில் வடிவமைப்புப் பக்கம் போகலாம். பட்டம் எடுத்து, கல்யாணம் முடித்து, வீட்டுக்கடனும் எடுத்தபிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட இது மலிவு.

செலவையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகங்கள் கோ-ஒப்புக்குத் தனிக் கட்டணம் எடுக்கின்றன. வேலை வேறு நகரத்தில் கிடைத்தால் நாலு மாதத்துக்கு அறை தேடவேண்டும்; விட்டுப்போன அறைக்கு ஆள் பிடிக்கவேண்டும். வாடகை கழித்தபின் மிச்சம் எவ்வளவு என்று வேலைக்குச் சம்மதிக்கமுன் பிள்ளையோடு இருந்து கணக்குப் பாருங்கள். வேலையிடத்தில் கோப்பு அடுக்குவதைத் தவிர வேறொன்றும் தருகிறார்களில்லை என்றால், தவணை முடியும்வரை பொறுத்திருக்காமல் பல்கலைக்கழகத்தின் கோ-ஒப் ஆலோசகரிடம் சொல்லவேண்டும். அதற்குத்தான் அவர்கள் இருக்கிறார்கள்.

தம்பி தங்கைமாரே, முதல் வேலை கிடைப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். வாட்டர்லூவில் சிலருக்கு முதல் நாலு மாதப் படிப்பு முடிந்த கையோடு வேலைத் தவணை வந்துவிடும். விண்ணப்பத்தில் எழுத உயர்தரப் பள்ளியைத் தவிர ஒன்றுமில்லையே என்று யோசிக்காதீர்கள். ஓய்வுநாள் பாடசாலையில் இருபது சின்னப்பிள்ளைகளை ஒரு மணித்தியாலம் சமாளித்தது அனுபவம்தான். ஆராதனையில் ஒலிப்பலகைக்குப் பின்னால் நிற்பவர்கள் ‘ஆலயத்தில் உதவினேன்’ என்று ஒரு வரியோடு விடாதீர்கள். எந்த மைக் கூவியது, காரணத்தை எப்படித் தேடினீர்கள், எதை மாற்றியதும் நின்றது என்று எழுதுங்கள். நேர்முகத்தில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள்.