கொடியடுப்பும் அதிபரும்

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அன்னதானச் சமையலுக்குத் தலைமை தாங்குகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? ஐந்து அடுப்பு எரியும். அவர் எதையும் கிண்டமாட்டார். ஓரிடத்தில் விறகை இழுக்கச் சொல்வார். இன்னோரிடத்தில் சாம்பாரை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, புளி போதாது என்பார். பந்தி தொடங்கிய பிறகு சொன்னால் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும்.

சர்வதேசப் பாடசாலையில் அதிபர் பார்க்க வேண்டிய வேலையும் இதுதான். வகுப்பின் கடைசி வாங்கில் பத்து நிமிடம் உட்கார்ந்து, அன்றைக்கே ஆசிரியரோடு பேசிவிடுவது.

சுவை பார்ப்பதற்கு ஒழுங்கான முறையும் உண்டு. 1968இல் ஜெனீவாவில் தொடங்கிய சர்வதேச பக்கலோரியேட்டின் டிப்ளோமாவில் சில பணிகளுக்கு ஆசிரியரே புள்ளியிடுகிறார். அவற்றில் சில மாதிரிகள் மட்டும் வெளியே போகும். முகம் தெரியாத பரீட்சகர் மறுபடி பார்ப்பார். ஆசிரியர் கை தாராளமென்றோ இறுக்கமென்றோ தெரிந்தால் முழு வகுப்பின் புள்ளியும் திருத்தப்படும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிகள் சொன்னதேதான்; இதற்குக் கட்டணமும் வாங்குகிறார்கள்.

இப்போது மலையகத் தோட்டப் பகுதியான கொஸ்லந்தைக்கு வருவோம். 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசு பொறுப்பேற்ற தோட்டப் பாடசாலைகளில் சிறியவற்றைப் பாருங்கள். ஆள் போதாத இடத்தில் ஓர் ஆசிரியர் தரம் 3ஐயும் தரம் 4ஐயும் ஒரே அறையில் வைத்துக்கொள்வார். இது கொடியடுப்புச் சமையல். விறகு எரிவது ஒரு வாயில்தான். பக்கத்துக் குழிக்கு அங்கிருந்து போகிற அனல் மட்டும். கெட்டிக்காரி உலையைப் பெரிய அடுப்பில் வைப்பாள், கொதித்த பருப்பைக் கொடியடுப்புக்கு மாற்றுவாள். உலையையே கொடியடுப்பில் வைத்தால் சோறு வேகாது. அதேபோல, புதிய கணக்கை விளக்கும்போது ஒரு தரம் ஆசிரியரின் நேர்ப் பார்வையில் இருக்க வேண்டும். மற்றது ஏற்கெனவே படித்ததைப் பயிற்சி செய்யலாம். கால்மணி நேரத்தில் பானையை மாற்ற வேண்டும். கொழும்பின் வசதியான வகுப்பறையில் இந்தக் கைப்பக்குவத்துக்கு வேலையே இல்லை. என் கணக்கில் இதுவே கடினமான கற்பித்தல்.

ஆனால் அதைச் சுவை பார்க்க ஆள் எங்கே? சர்வதேசப் பாடசாலைக் கட்டணத்தில் ஒரு பங்கு, நிர்வாகம் என்னும் களஞ்சியச் சாவியை அதிபரல்லாத வேறொருவர் வைத்திருப்பதற்கான கூலி: கணக்குக்கு ஒருவர், கடிதத்துக்கு ஒருவர். இங்கே சின்னப் பாடசாலை அதிபரின் இடுப்பில்தான் அந்தச் சாவி. படிவம், கூட்டம், வராத ஆசிரியரின் வகுப்பு எல்லாம் அவர் தலையில். போதாததற்கு, 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தையின் மீரியபெத்தத் தோட்டத்தில் நேர்ந்த மண்சரிவுக்குப் பின் இப்பகுதித் தமிழ்ப் பாடசாலைகள் சில இடம்பெயர்ந்தோர் தங்கும் முகாம்களாகவும் ஆயின.

பணமில்லாமல் செய்யக்கூடியதும் உண்டு. பக்கத்துப் பக்கத்துப் பாடசாலை ஆசிரியர் இருவர் மாதம் ஒருமுறை பத்துக் கொப்பிகளை மாற்றித் திருத்திப் பார்க்கலாம். அதற்குப் பஸ் காசு போதும்.

வலயக் கல்விப் பணிமனையில் கூட்டத்துக்குத் திகதி குறிக்கிறவர்களிடம் ஒரு கோரிக்கை: கிழமையில் இரண்டு காலைப் பொழுதுகளை அதிபருக்கு விட்டுக்கொடுங்கள். அவர் போய் அந்தக் கடைசி வாங்கில் உட்காரட்டும்.