கல்விக் கருவிகளும் விளையாட்டும்: ஹோஷங்காபாத் அனுபவம்

1987-இல் மத்திய அரசு தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தின்கீழ், நாடெங்கும் உள்ள தொடக்கப் பள்ளிகளுக்கு இரண்டு வகுப்பறைகள், இரண்டு ஆசிரியர்கள் என்னும் குறைந்தபட்ச வசதிகளோடு, நிலப்படங்கள், விளையாட்டுப் பொருள்கள், அறிவியல், கணிதப் பெட்டிகள் ஆகியனவும் வழங்கப்பட்டன. பொருள்கள் வந்து சேர்ந்த பள்ளிகள் பலவற்றில் அவை அலமாரியை விட்டு வெளியே வரவில்லை. ஆசிரியர்களின் அலட்சியமே இதற்குக் காரணம் என்று கூறுவது பொருந்தாது. உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டால் அது அரசின் சொத்தாகிவிடுகிறது. அது உடைந்தால் ஆசிரியர் விளக்கம் தரவேண்டும். உடையாமல் பத்தாண்டுகள் உறங்கினால் எவரும் விளக்கம் கேட்பதில்லை. இத்தகைய ஏற்பாட்டில் பூட்டி வைப்பதே ஆசிரியருக்குப் பாதுகாப்பான வழி.

குழந்தையின் விளையாட்டு என்பது ஒன்றைச் செய்து பார்ப்பது, தவறுவது, தண்டனைக்கு அஞ்சாமல் மீண்டும் செய்து பார்ப்பது ஆகும். கற்றலும் ஏறத்தாழ இதுவேதான். ஆகவே கல்விக் கருவியின் தேய்மானத்தை இழப்பாகக் கருதாமல், உற்பத்திச் செலவாகக் கருதுவதே பொருளியல் முறைப்படி சரியானது. விதைநெல்லை விதைக்காமல் குதிரில் குறையாது காத்த உழவரை எவரும் பாராட்டுவதில்லை.

தொழில்நுட்பத்தைக் கல்விக்குப் பயன்படுத்தும் முயற்சிகளில் நம் நாடு பின்தங்கி இருந்ததில்லை. 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அளிக்கப்பட்டன. காலையில் பள்ளிச் சிறுவர்களுக்கும், மாலையில் பெரியவர்களுக்கும் தனித்தனி நிகழ்ச்சிகள் இருந்தன. கம்பி வலையால் ஆன ஏறத்தாழ மூன்று மீட்டர் அகல வாங்கியைக் கொண்டு மின்வசதி குறைந்த ஊர்களிலும் படம் தெரியச் செய்தது பொறியியல் சாதனையே ஆகும். ஆனால் குழந்தை பார்க்கலாம், கேட்கலாம். தொட இயலாது, திருப்பிக் கேட்க இயலாது. 1984-இல் ஏறத்தாழ 250 பள்ளிகளில் தொடங்கிய கணிப்பொறி அறிமுகத் திட்டத்தில் தொடக்கூடிய கருவியே வந்தது. எனினும் ஒரு பள்ளிக்குச் சில கணிப்பொறிகளே கிடைத்தமையால் ஒரு மாணவரின் பங்கிற்கு வந்த நேரம் மிகக் குறைவு.

இவற்றோடு ஒப்பிட, மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (2022 முதல் நர்மதாபுரம்) நிகழ்ந்தது வெளிப்பார்வைக்குச் சிறியது. 1972-இல் கிஷோர் பாரதி, ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்னும் இரு தன்னார்வ நிறுவனங்கள், மாநில அரசின் அனுமதியுடன் அரசின் 16 நடுநிலைப் பள்ளிகளில் புதிய அறிவியல் கல்வி முறை ஒன்றைத் தொடங்கின. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், டில்லிப் பல்கலைக் கழகம் முதலியவற்றின் அறிவியலாளர்கள் துணைநின்றனர். 1978-இல் மாவட்டம் முழுவதற்கும் இம்முறை விரிவாக்கப்பட்டது. 1982-இல் இப்பணிக்கென ஏகலவ்யா என்னும் நிறுவனம் உருவாயிற்று.

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, மாணவர்கள் நால்வர் நால்வராக அமர்ந்து தாமே சோதனை செய்தனர். ‘பால் வைஞானிக்’ என்னும் பாடநூலில் செய்முறையும் கேள்விகளும் இருந்தன, விடைகள் இல்லை. விடையை மாணவரே கண்டு தம் குறிப்பேட்டில் எழுதவேண்டும். இலைகளைச் சேர்த்து வகைப்படுத்துவதும், நாணயத்தையும் பகடையையும் உருட்டி நிகழ்தகவை அறிவதும் பாடங்களாயின. வீட்டில் விளையாடினால் ஏச்சு வாங்கித் தரும் பகடை இங்கே கணக்குப் பாடமாயிற்று. நூறு முறை உருட்டிக் குறித்துக்கொண்ட மாணவருக்குச் சராசரி என்பது மனப்பாடம் செய்யும் சொல் அன்று.

தேர்வு முறையும் மாறியது. நூலையும் குறிப்பேட்டையும் பார்த்து எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. அரசு ஏற்று நடத்திய தேர்விலேயே இம்மாற்றம் இடம்பெற்றது என்பதை நிர்வாகத் துறையினர் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். தேர்வு பழைய முறையிலேயே இருந்திருந்தால் பெட்டிகள் இங்கும் அலமாரிக்கே திரும்பியிருக்கும். மாணவர் மனத்தில் எழும் ஐயங்களைச் ‘சவாலிராம்’ என்னும் கற்பனைப் பாத்திரத்திற்குக் கடிதமாக எழுதலாம், மறுமொழி வரும். அஞ்சலட்டை விலையில் நடந்த இவ்வேற்பாடு எந்தக் கருவியையும்விட மலிவானது.

பெரியவர்களின் பங்கு இங்கேதான் தெளிவாகிறது. பயிற்சி முகாம்களில் ஆசிரியர்கள் சொற்பொழிவு கேட்கவில்லை. மாணவர் செய்யவேண்டிய சோதனைகளையே குழுவாக அமர்ந்து செய்தனர், தவறினர், விவாதித்தனர். பின்னர் மாதந்தோறும் கூடி, வகுப்பில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசினர். பல ஆண்டுகள் பாடம் நடத்திய ஒருவர், ‘இது எனக்குத் தெரியாது; செய்து பார்ப்போம்’ என்று மாணவர் முன் சொல்வதற்குத் தனித் துணிவு வேண்டும். அத்துணிவை ஒரு சுற்றறிக்கையால் அளிக்க இயலாது. தாமே விளையாடிப் பார்த்த பிறகுதான் அது வரும்.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற பொறியாளர் அரவிந்த் குப்தா 1978-இல் இப்பணியில் சேர்ந்து, தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு ரப்பர் குழாயையும் இணைத்து வடிவங்கள் செய்யும் முறையை உருவாக்கினார். மூன்று குச்சிகளை இணைத்தால் வரும் முக்கோணம் அழுத்தினாலும் கோணம் மாறாது. நான்கு குச்சிச் சதுரம் உடனே சாய்ந்துவிடும். பாலங்களிலும் மின்கோபுரங்களிலும் ஏன் முக்கோணச் சட்டங்கள் உள்ளன என்பதை விரல்களே அறிந்துகொள்ளும். குச்சி ஒடிந்தால் பதிவேட்டில் எழுதவேண்டியதில்லை என்பது இதன் மற்றொரு நன்மை. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகள் வரை பரவியிருந்த இத்திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. முப்பதாண்டு அனுபவத்தை முறையாக மதிப்பிட்டு, கொள்ளத்தக்கதைக் கொண்டு, மாற்றத்தக்கதை மாற்றியிருக்கலாம் என்பதே நடுநிலையான கருத்தாக இருக்க இயலும்.

ஆசிரியரே இன்றிக் கருவி மட்டும் போதாதா என்ற வினாவும் எழுந்ததுண்டு. 1999 ஜனவரியில் டில்லி கால்காஜியில், குடிசைப் பகுதியை ஒட்டிய ஓர் அலுவலகச் சுவரில் துளையிட்டுக் கணிப்பொறி ஒன்றைச் சுகத மித்ரா வைத்தார். எவரும் கற்பிக்காமலே சிறுவர்கள் கூட்டமாகச் சேர்ந்து அதை இயக்கக் கற்றனர். குழந்தையின் ஆர்வத்திற்கு இது வலுவான சான்று. ஆனால் ஆர்வம் கருவியைப் பழுதுபார்க்காது, மின்கட்டணமும் செலுத்தாது. இதே முறையில் உத்தராகண்டில் அமைந்த மையங்களைப் பற்றிப் பாயல் அரோரா 2010-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, அவை செயலிழந்து கிடந்ததைக் காட்டியது. பொறுப்பேற்க ஊரில் ஒரு பெரியவராவது இல்லாத இடத்தில் கருவி நீடிப்பதில்லை.

2016-இல் தொடங்கிய அடல் புத்தாக்க ஆய்வுக்கூடத் திட்டத்தில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு மின்னணுப் பாகங்கள், உணர்விகள், முப்பரிமாண அச்சுப்பொறி முதலியன கிடைக்கின்றன. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் மானியம்; அதில் 10 லட்சம் அமைப்புச் செலவுக்கும், எஞ்சிய 10 லட்சம் ஐந்தாண்டு வரையிலான நடைமுறைச் செலவுக்கும் உரியது. செலவில் பாதியைத் தேய்மானத்திற்கும் நுகர்பொருளுக்கும் முன்கூட்டியே ஒதுக்கியது, பழைய பெட்டிகளின் கதையோடு ஒப்பிட்டால் நல்ல முன்னேற்றம். 2025-26 வரவு செலவுத் திட்டத்தில், ஐந்தாண்டுகளில் 50,000 ஆய்வுக்கூடங்கள் அரசுப் பள்ளிகளில் அமைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

இவற்றைப் பார்வையிடச் செல்லும் அலுவலர், பொருள்கள் பட்டியலின்படி உள்ளனவா என்று சரிபார்ப்பது வழக்கம். கடந்த மாதம் எத்தனை மாணவர்கள் எத்தனை மணி நேரம் அங்கே வேலை செய்தனர், எவை உடைந்தன, அவற்றுக்கு மாற்றுப் பொருள் வர எத்தனை நாளாயிற்று என்பனவும் அதே படிவத்தில் கேட்கப்படவேண்டும். ஒன்றுமே உடையவில்லை என்று எழுதியிருந்தால் அலமாரியின் சாவி எவரிடம் உள்ளது என்றும் விசாரிக்கலாம். ஐந்தாண்டு மானியம் முடிந்தபின் அச்சுப்பொறிக்கான இழையை வாங்குவது மாநில அரசா, உள்ளாட்சியா, பள்ளியா என்பதை ஐந்தாம் ஆண்டில் அல்ல, முதலாண்டிலேயே முடிவு செய்தாக வேண்டும்.